குல்மார்க்கா, ஔலியா: பனி எங்கே நிற்கும்?

பிப்ரவரியில் ஒரு வாரம் லீவு. ஸ்கீ கட்டிக்கொண்டு ஒரு தடவையாவது சறுக்கிப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. இந்தியாவுக்குள்ளேயே என்றால் பேச்சு பெரும்பாலும் இரண்டு ஊர்களில் வந்து நிற்கும்: காஷ்மீரில் குல்மார்க், உத்தராகண்டில் ஔலி. விமான டிக்கெட்டையும் அறை வாடகையையும் மாறி மாறி ஒப்பிடுவோம். போகிற வாரம் அங்கே பனி கிடக்குமா என்பது மட்டும் கடைசியில்தான் நினைவுக்கு வரும். 2024 ஜனவரி முதல் பாதியில் குல்மார்க் போனவர்களை வரவேற்றது பழுப்பேறிய புல்வெளி.

இரண்டு ஊருக்கும் பனி கொண்டுவருவது ஒரே ஆள்தான். வானிலை அறிக்கையில் 'மேற்கத்திய இடையூறு' என்பார்களே, அது. மத்தியதரைக் கடல் பக்கம் உருவாகும் தாழ்வழுத்தம், உயரத்தில் வீசும் ஜெட் காற்றின் முதுகில் ஏறி ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக இமயமலைக்கு வருகிறது. குல்மார்க் அதன் வாசலிலேயே இருக்கிறது. ஈரக்காற்று பீர் பஞ்சால் மலைத்தொடரில் முட்டி மேலே ஏறும். ஏற ஏற விரியும், விரிய விரியக் குளிரும், தாங்க முடியாத ஈரத்தை அங்கேயே கொட்டிவிடும். ஔலி இன்னும் கிழக்கே, சுமார் மூன்றரை பாகை தெற்கே. பல இடையூறுகள் காஷ்மீரில் கொட்டித் தீர்த்துவிட்டு லடாக் பக்கம் நகர்ந்துவிடும். அப்போது ஔலிக்குக் கிடைப்பது அதன் ஓரம்தான்.

சரி, மேகம் வந்துவிட்டது. விழுவது பனியா மழையா? அதை முடிவு செய்வது உயரம். ஒரு கிலோமீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறையும். குல்மார்க் புல்வெளி சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கோண்டோலா என்னும் கம்பிவழிப் பெட்டி இரண்டு கட்டமாக அஃபர்வாத் மலையில் ஏறத்தாழ 3,950 மீட்டர் வரை ஏற்றிவிடும். இடையில் 1,300 மீட்டர், அதாவது எட்டரை டிகிரி. கீழே 2 டிகிரியில் சொதசொதவென்று பனியும் மழையும் கலந்து விழும்போது, மேலே மைனஸ் 6-இல் மாவு மாதிரி உலர்ந்த பனி கிடக்கும். ஔலியின் சரிவுகளோ சுமார் 2,500 மீட்டரில் தொடங்கி 3,050-இல் முடிந்துவிடுகின்றன. வெப்பம் கொஞ்சம் கூடினால் தப்பித்து ஏற மேலே இடமில்லை.

அப்படியானால் குல்மார்க்தான் என்று டிக்கெட் போட்டுவிடாதீர்கள். முதல் தடவை ஸ்கீ கட்டுகிறவரை யாரும் அஃபர்வாத் உச்சியில் கொண்டுபோய் விடமாட்டார்கள். விழுந்து எழுந்து பழகுவதெல்லாம் கீழே புல்வெளியில்தான். அதன் உயரமும் ஔலியின் உயரமும் ஏறக்குறைய ஒன்று!

உச்சியில் வேறொரு கதை நடக்கிறது. பனிப்போர்வைக்கு அடியில் தரை ஏறக்குறைய பூஜ்ஜியத்தில் இருக்கும்; மேற்பரப்போ இரவில் மைனஸ் 15 வரை போகும். இந்த வித்தியாசத்தால் அடியிலிருந்து நீராவி மேலேறி, வழியிலேயே படிகமாகப் படியும். நாளாக ஆக அந்தப் பனி சீனியைப் போல உதிரியாகிவிடும். கையில் பிடித்தால் உருண்டை சேராது. அதன்மேல் ஒரே இரவில் இரண்டடி புதுப்பனி விழுந்தால், கோலிக்குண்டுகள் மேல் பலகையை வைத்த மாதிரிதான். 30 முதல் 45 டிகிரி சாய்வில் ஒரு ஆளின் எடையே அதை நகர்த்தப் போதும். 2023 பிப்ரவரியில் போலந்து நாட்டவர் இருவரும், 2024 பிப்ரவரியில் ரஷ்யர் ஒருவரும் இப்படிப் பனிச்சரிவில்தான் அங்கே இறந்தார்கள்.

ஔலியில் பனி பொய்த்தால் துணைக்கு இருக்கட்டும் என்று இயந்திரம் வைத்தார்கள்; அது இப்போது ஓடுகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். 2011 தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகளுக்காக அங்கே செயற்கைப் பனி வசதி செய்தார்கள். அதற்கு நீர் தர ஒரு ஏரியும் இருக்கிறது. இயந்திரம் நீரை நுண்துளிகளாகச் சிதறடிக்கும். ஒவ்வொரு துளியும் கொஞ்சம் ஆவியாகி, அந்த இழப்பிலேயே குளிர்ந்து உறையும். மண்பானைத் தண்ணீர் குளிர்கிற அதே வித்தைதான். அதனால் வெப்பமானி காட்டும் எண்ணை விட ஈரக்குமிழ் வெப்பநிலைதான், அதாவது வெப்பமானிக் குமிழில் ஈரத்துணி சுற்றினால் அது காட்டும் எண்தான், இங்கே கணக்கு. அது மைனஸ் 2-க்குக் கீழே இருக்க வேண்டும். காற்று 1 டிகிரியில் இருந்தாலும் ஈரப்பதம் 30 சதவீதமாக இருந்தால் பனி செய்யலாம். அதே 1 டிகிரியில் ஈரப்பதம் 90 என்றால் சரிவெல்லாம் நனையும், அவ்வளவுதான்.

என்னைக் கேட்டால், ஏற்கெனவே நன்றாகச் சறுக்கத் தெரிந்தவருக்கு, வழிகாட்டியோடு, குல்மார்க். புதிதாகக் கற்பவருக்கு எந்த ஊரானாலும் ஒன்றுதான், தேதிதான் முக்கியம். காஷ்மீரிகள் சில்லை கலான் என்று சொல்லும் 40 நாள் கடுங்குளிர் ஜனவரி 30-இல் முடியும். அதற்குள் விழுந்த பனி கெட்டிப்பட்டு, பகல் கொஞ்சம் நீண்டிருக்கும் பிப்ரவரி முதல் பாதி தோது. ஔலி என்றால் இன்னொன்றையும் விசாரியுங்கள்: ஔலிக்குக் கீழே இருக்கும் ஜோஷிமத் ஊரில் நிலம் உள்வாங்கியதால், அங்கிருந்து மேலே வரும் 2023 ஜனவரியில் ரோப் காரை நிறுத்தினார்கள்; மேலே போக ஜீப் பேச வேண்டியிருக்கும்.

அறையை மாற்றிக்கொள்ளும் வசதியோடு பதிவு செய்துவிட்டு, ஒரு வாரம் முன்பிருந்தே மலை வானிலைக் கணிப்பில் பூஜ்ஜியம் டிகிரி எந்த உயரத்தில் வருகிறது என்று பாருங்கள். இடையூறு வரும் நாளில் அது 3,200 மீட்டர் என்று காட்டினால், ஔலியில் குடைதான் தேவைப்படும்.