அசைலம்: சொல்லும் அதற்கான தமிழும்

ஆங்கிலத்தில், அரசியல் தஞ்சம் கேட்பவர் நாடுவதும் அசைலம்தான், விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் மனநோயாளிகளைப் பூட்டி வைத்த கட்டடமும் அசைலம்தான். இரண்டும் ஒரே சொல்.

வேர் கிரேக்கம். ‘சுலே’ என்றால் ஒருவரைப் பிடித்துக்கொண்டு போகும் உரிமை. முன்னால் ‘அ’ சேர்ந்தால் அந்த உரிமை செல்லாது. கோயிலுக்குள் ஓடி வந்தவரை யாரும் தொடக்கூடாது, அந்த இடம் ‘அசுலோன்’. லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது.

இவ்வளவு நல்ல சொல் பின்னாளில் கெட்டுப்போனது. 1790இல் இங்கிலாந்தின் யார்க் நகரில், மனநோயாளிகளுக்கான யார்க் அசைலத்தில், ஹன்னா மில்ஸ் என்ற பெண் இறந்தார். அவர் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். பார்க்கப் போன குவேக்கர்களை உள்ளே விடவில்லை. அந்தக் கொதிப்பில்தான் வில்லியம் டியூக் என்ற குவேக்கர் 1796இல் அதே ஊரில் தனியாக ஓர் இல்லம் திறந்தார். அதற்கு அசைலம் என்று பெயர் வைக்கவில்லை. ‘ரிட்ரீட்’, அதாவது ஒதுங்கி இளைப்பாறும் இடம், என்றார்கள்.

அப்புறம் 1845 சட்டம். ஒவ்வொரு கவுண்டியும் (நம் மாவட்டம் போன்றது) ஏழை மனநோயாளிகளுக்கு அசைலம் கட்டியே ஆக வேண்டும் என்றது. அப்படி வந்தவற்றில் ஒன்று யார்க்‌ஷயரின் மென்ஸ்டனில் 1888இல் திறந்த ஹை ராய்ட்ஸ். வடிவமைத்தவர் விக்கர்ஸ் எட்வர்ட்ஸ். நிர்வாகக் கட்டடத்தின் தலைமேல் கல்லால் எழுந்த மணிக்கூண்டு. பண்ணை, சலவைக்கூடம், அடுமனை எல்லாம் உள்ளேயே இருந்தன, நோயாளிகளே வேலை செய்தார்கள். எழுவது, உண்பது, உழைப்பது, படுப்பது எதுவும் அவர்கள் விருப்பப்படி இல்லை, நேரப்படிதான். யாரும் பிடிக்க முடியாத இடம் என்று பொருள்பட்ட சொல், யாரும் வெளியேற முடியாத இடத்துக்குப் பெயரானது. எனக்கு இது தாங்க முடியாத முரண்.

1930இல் பிரிட்டிஷ் சட்டம் அசைலம் என்ற சொல்லை நீக்கி ‘மனநல மருத்துவமனை’ என்ற பொருளில் புதுப் பெயர் வைத்தது. சென்னை முந்திக்கொண்டது: 1871இல் கீழ்ப்பாக்கத்துக்கு வந்த மெட்ராஸ் லுனாட்டிக் அசைலத்தின் பெயர் 1922லேயே மாறிவிட்டது. ஹை ராய்ட்ஸ் 2003இல் மூடப்பட்டது. இப்போது அங்கே குடியிருப்புகள்.

சரி, தமிழில் எப்படி எழுதுவது? அகதிகள் பற்றியென்றால் தஞ்சம், புகலிடம். பழைய நிறுவனத்துக்கு மனநோயாளர் காப்பகம் பொருந்தும். ‘காப்பு’ என்பதில் பாதுகாப்பும் இருக்கிறது, காவலும் இருக்கிறது. இன்றைய மருத்துவமனையைக் காப்பகம் என்று எழுதுவது தவறு, அது மனநல மருத்துவமனை. ‘பைத்தியக்கார ஆஸ்பத்திரி’ வேண்டவே வேண்டாம். ஹை ராய்ட்ஸின் கோபுரத்துக்கும் ‘கடிகாரக் கோபுரம்’ தேவையில்லை, ஊரெல்லாம் சொல்லும் மணிக்கூண்டே போதும்.