ஹைபிரிட் காரை கம்பெனி சர்வீஸில்தான் விட வேண்டுமா? வாரண்டியும் சட்டமும்

“வெளியே கை வெச்சா வாரண்டி போயிடும் சார்.” ஹைபிரிட் கார் வாங்கியவர்களிடம் சர்வீஸ் அட்வைசர் தவறாமல் சொல்வது இது. முழுப் பொய் இல்லை. ஆனால் சட்டம் சொல்வது இதுவும் இல்லை.

முதலில் ஒரு விஷயத்தைப் பிரித்துக்கொள்வோம். டொயோட்டா ஹைகிராஸ், ஹைரைடர், மாருதி கிராண்ட் விட்டாரா, ஹோண்டா சிட்டி போன்றவற்றில் பெட்ரோல் இன்ஜினோடு இருக்கும் மின் மோட்டாரே காரை நகர்த்தும் ‘ஸ்ட்ராங் ஹைபிரிட்’ வகை உண்டு. இந்தக் கட்டுரை அவற்றைப் பற்றியது. ‘ஸ்மார்ட் ஹைபிரிட்’ என்று வரும் எர்டிகா மாதிரியான வண்டிகளில் இருப்பது சிறிய துணை பேட்டரிதான். பராமரிப்பில் அவற்றைச் சாதாரண பெட்ரோல் கார் என்றே வைத்துக்கொள்ளலாம்.

ஸ்ட்ராங் ஹைபிரிட்டில் பயமுறுத்துவது பேட்டரி. மாற்ற வேண்டி வந்தால் லட்சக்கணக்கில் போகும். அதனால்தான் டொயோட்டா, மாருதி, ஹோண்டா மூன்றுமே காரின் வாரண்டி வேறு, ஹைபிரிட் பேட்டரியின் வாரண்டி வேறு என்று வைத்திருக்கின்றன. பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அது. வாரண்டி புத்தகத்தில், அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் குறித்த காலத்தில் சர்வீஸ் செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கும். அட்வைசர் பேசுவது இதை வைத்துத்தான்.

இந்த நிபந்தனையை எவ்வளவு தூரம் இழுக்கலாம் என்பதில்தான் சட்டம் குறுக்கே வருகிறது. சந்தையில் நிறுவனங்கள் நியாயமாகப் போட்டியிடுகின்றனவா என்று பார்க்கும் இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று மாருதி, டொயோட்டா, ஹோண்டா உட்பட 14 கார் நிறுவனங்களுக்குச் சேர்த்து சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் போட்டது. உதிரிபாகங்களையும் பழுது கண்டறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. அபராதம் தலைப்புச் செய்தி ஆனது. நமக்கு உதவுவது அந்த உத்தரவில் இருந்த இன்னொரு வரி: வெளியே சர்வீஸ் செய்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யும் நிபந்தனை கூடாது. வெளியே செய்த தவறான வேலையால் சேதம் வந்திருந்தால், அந்தச் சேதத்தின் அளவுக்கு மட்டும் வாரண்டியை மறுக்கலாம்.

நிறுவனங்கள் சும்மா விடவில்லை, மேல்முறையீட்டுக்குப் போயின. 2016 டிசம்பரில் போட்டி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் டொயோட்டா, நிசான், ஃபோர்டு விஷயத்தில் தவறு நடந்ததை ஏற்றுக்கொண்டது, அபராதக் கணக்கை மட்டும் உதிரிபாக விற்பனை அளவுக்குச் சுருக்கியது. அமெரிக்காவில் 1975-லேயே வந்த மேக்னசன்-மாஸ் சட்டம், இலவசமாகச் செய்து தந்தாலொழிய, எங்களிடமே சர்வீஸ் செய் என்று வாரண்டியில் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. நம் ஊரில் அப்படி வாரண்டிக்கென்றே தனிச் சட்டம் இல்லை. போட்டி ஆணையத்தின் உத்தரவும் 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும்தான் கையில் இருப்பவை. ஒரு பொருளை வாங்க இன்னொன்றையும் வாங்கு என்று கட்டாயப்படுத்துவதை அந்தச் சட்டம் ‘கட்டுப்படுத்தும் வணிக நடைமுறை’ என்று வகைப்படுத்துகிறது. வாதாட இடம் இருக்கிறது. ஆனால் பேட்டரி போன பிறகு நுகர்வோர் ஆணையத்தின் படியேறி வாதாடுவது வேறு, பிரச்சினையே வராமல் ஓட்டுவது வேறு.

ஆகவே என் கணக்கு இதுதான். காரின் பொதுவான வாரண்டி ஓடும் முதல் மூன்று ஆண்டுகள் கம்பெனி சர்வீஸ், மறுபேச்சில்லை. அதற்குப் பிறகு வேலையைப் பிரிக்கலாம். டயர், வீல் அலைன்மென்ட், வைப்பர், 12 வோல்ட் பேட்டரி, ஏசி ஃபில்டர் எல்லாம் நல்ல வெளி மெக்கானிக்கிடம் போகலாம். குறித்த கால சர்வீஸுக்கு இடையே ஆயிலும் மாற்றலாம், கையேட்டில் போட்டிருக்கும் கிரேடிலேயே ஊற்றினால். பழக்கதோஷத்தில் கெட்டியான ஆயிலை ஊற்றிவிடுகிறவர்கள் உண்டு; கேனை நம் கண் முன்னால் திறக்கச் சொல்வது நல்லது.

பிரேக் விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். வேகம் குறையும்போது மோட்டாரே பாதி வேலையைச் செய்துவிடுவதால் ஹைபிரிட்டில் பிரேக் பேட் சீக்கிரம் தேயாது. ஆனால் பல மாடல்களில் பிரேக் அழுத்தத்தை கம்ப்யூட்டர் கட்டுப்படுத்துகிறது. ஸ்கேனர் வைத்து அதை அமைதிப்படுத்தத் தெரியாதவர் பேடை அழுத்தும் பாகமான காலிப்பரைக் கழற்றக் கூடாது. உயர் மின்னழுத்தம் ஓடும் ஆரஞ்சு நிற ஒயர் போகும் இடம், பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டர், அதன் கூலன்ட், பெரிய பேட்டரி ஆகியவற்றில் பயிற்சி பெறாத யாரும் கை வைக்க வேண்டாம். வாரண்டி ஒரு பக்கம், உயிர் இன்னொரு பக்கம். எட்டு ஆண்டு முடியும்வரை குறித்த கால சர்வீஸையும் ஹைபிரிட் சிஸ்டம் பரிசோதனையையும் கம்பெனியிலேயே செய்து, அறிக்கையின் பிரிண்ட்டை வாங்கி வைத்துவிடுங்கள்.

கம்பெனி சர்வீஸில் காசு கரைவது பெரும்பாலும் இந்த வேலைகளில் இல்லை. செய்யப்போகும் வேலைகளை எழுதியிருக்கும் ஜாப் கார்டை வாங்கிப் பாருங்கள். ஆயில், ஆயில் ஃபில்டர், லேபர் என்று தொடங்கி, கீழே ஏசி டிஸ்இன்ஃபெக்ஷன், இன்ஜின் டீகார்பனைசிங், இன்டீரியர் கிளீனிங், டெஃப்லான் கோட்டிங் என்று வால் நீளும். வாரண்டி புத்தகத்தின் பராமரிப்பு அட்டவணையைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். அதில் இல்லாததை அடித்துவிட்டுக் கையெழுத்து போடுங்கள். இவற்றை மறுத்தால் வாரண்டிக்கு ஒன்றும் ஆகாது. அட்வைசரின் முகம் கொஞ்சம் வாடும், அவ்வளவுதான். அதே அட்டவணையில் இருந்தும் மறந்துபோகும் ஒன்று உண்டு: பேட்டரிக்குக் காற்று இழுக்கும் துளையின் ஃபில்டர். பல மாடல்களில் அது இருக்கைக்கு அடியில்தான் இருக்கும். தூசியும் நாய் முடியும் அடைத்தால் பேட்டரி சூடேறும். அதைச் சுத்தம் செய்தார்களா என்று கேளுங்கள்.

வெளியே எதைச் செய்தாலும் ஜிஎஸ்டி பில் வேண்டும். அதில் வண்டி எண், கிலோமீட்டர், ஆயில் கிரேடு, பார்ட் நம்பர் இருக்க வேண்டும்.

சரி, இவ்வளவுக்குப் பிறகும் வாரண்டியை மறுத்தால்? காரணத்தை எழுத்தில் கேளுங்கள்: எந்தப் பாகம், வெளியே செய்த எந்த வேலையால் கெட்டது என்று. வாய்வார்த்தையாகச் சொல்வதைப் பலர் எழுதித் தரத் தயங்குவார்கள். அப்புறம் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கும் முடியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம், கார் எந்த ஊரில் வாங்கியதாக இருந்தாலும் சரி. பொருளுக்கோ சேவைக்கோ நீங்கள் கொடுத்த தொகை 50 லட்சத்துக்குள் இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் கிடையாது. காரின் விலையையே வைத்து வழக்கு என்றால் 20 முதல் 50 லட்சம் வரைக்கும் ஆயிரம் ரூபாய். வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு உள்ளே போய்விட வேண்டும்.