செந்துரு கருந்துருவாகும் பத்து நிமிடம்

குடியாத்தம் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். வயல் காவலுக்கு லைசென்ஸ் வைத்திருக்கும் குடும்பம். சல்லிசான விலைக்குக் கைமாறி வந்த பழைய இரட்டைக் குழல் துப்பாக்கி. தேர்தலுக்காகக் காவல் நிலையத்தில் ஒப்படைத்திருந்ததை வாங்கிவந்து தோல் உறையைப் பிரித்தால், குழலெங்கும் செம்புள்ளி. “உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடலாமா? பழைய கறுப்பு நிறம் வீட்டிலேயே திரும்ப வருமா சார்?”

உப்புத்தாள் வேண்டவே வேண்டாம். மிச்சமிருக்கும் நல்ல பூச்சையும் அது வழித்துவிடும். பொறித்த எண் அழிந்தால் சட்டச் சிக்கல் வேறு. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியைப் பழுதுபார்க்கவே தனி உரிமம் வேண்டும். ஆகவே வேலையை உரிமம் உள்ள கடையில் கொடுங்கள். ஆனால் அங்கே என்ன நடக்கிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த வேதியியல். அதை ஒரு பழைய கொடுவாளில் வீட்டிலேயே பார்த்துவிடலாம்.

இரும்பு, ஈரம், ஆக்சிஜன் சேர்ந்தால் துரு. இது பள்ளிக்கூடத்துப் பாடம். செந்துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும். அதனால் உப்பி, பொருக்காக உதிரும். உதிர்ந்த இடத்தில் புது இரும்பு வெளியே தெரியும், அதுவும் துருப்பிடிக்கும். துப்பாக்கிக் குழலின் கறுப்பு பெயிண்ட் இல்லை. அதுவும் துருதான், ஆனால் வேறு ஜாதித் துரு: மேக்னடைட்.

அப்பாவின் கொடுவாளைப் பளபளவென்று தேய்த்து, சோப்புப் போட்டு எண்ணெய்ப் பிசுக்கை எடுத்தேன். வினிகர் தொட்ட துணியால் ஒரு துடைப்பு. ஈரத்துணி விரித்த பெட்டியில் ஓர் இரவு. காலையில் வாள் முழுக்க மஞ்சள் கலந்த செம்மண் நிறம், பூனை மயிர் போல மெல்லிசாக. அதை அப்படியே கொதிக்கும் தண்ணீரில் இறக்கினேன். முதல் நிமிடத்தில் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் விளிம்பில் சிவப்பு மங்கியது, காப்பிப்பொடி நிறமானது. பத்து நிமிடத்தில் வெல்வெட் போட்டது போல முழுக் கறுப்பு.

எங்கிருந்து வந்தது இந்தக் கறுப்பு? கொதிக்கும் தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன் பெரும்பாலும் வெளியேறிவிடும். செந்துருவில் ஒவ்வொரு இரும்பு அணுவும் மூன்று எலக்ட்ரான்களை இழந்து நிற்கிறது. அடியில் இருக்கும் இரும்போ எலக்ட்ரான் கொடுக்கத் தயாராக இருக்கிறது. வெளியே ஆக்சிஜன் இல்லாததால், தன் மேலே படிந்த துருவுக்கே கொடுக்கிறது! கொடுத்து முடித்தபின் துருவிலுள்ள ஒவ்வொரு மூன்று இரும்பு அணுக்களிலும் இரண்டு அணுக்கள் மூன்று எலக்ட்ரான்களை இழந்தவை, ஓர் அணு இரண்டை மட்டும் இழந்தது. இந்தக் கலவைதான் மேக்னடைட். அந்த ஓர் அணுவிடம் கூடுதலாக இருக்கும் எலக்ட்ரான் ஓரிடத்தில் நிற்காது; பக்கத்து அணுவுக்குத் தாவும். தாவுவதற்கான ஆற்றலை ஒளியிலிருந்து எடுத்துக்கொள்ளும். எல்லா நிறத்தையும் விழுங்குவதால் நம் கண்ணுக்குக் கறுப்பு.

மேலே ஒட்டாத கறுப்புத் தூளை மெல்லிய இரும்பு நாரால் துடைத்து, மறுபடி துரு, மறுபடி கொதி. ஐந்தாறு தடவை செய்தால் ஆழ்ந்த கருநீலம் வரும். துடைத்த தூளைக் காகிதத்தில் தட்டி, அடியில் காந்தத்தை நகர்த்திப் பாருங்கள். எறும்புச் சாரை போல ஓடிவரும். செந்துருத் தூள் அப்படி ஓடாது.

இரட்டைக் குழலுக்கு இந்த முறைதான் ஏற்றது. இரண்டு குழல்களையும் பெரும்பாலும் ஈயப்பற்று வைத்துத்தான் இணைத்திருப்பார்கள். காஸ்டிக் சோடாவில் காய்ச்சிக் கறுப்பாக்கும் வேகமான முறை உண்டு. அது அந்தப் பற்றையே அரித்துவிடும். நூறு டிகிரி வெந்நீர் பற்றைத் தொடாது.

தண்ணீர் முக்கியம். எங்கள் வேலூர்ப் பக்கத்து போர் தண்ணீரில் கொதிக்கவைத்தபோது வெள்ளைத் திட்டுகள் படிந்துவிட்டன. பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் வாங்கிவந்த பிறகே சரியானது. பருவமும் பாருங்கள்: கத்திரி வெயிலில் துரு சீராக ஏறாது, ஐப்பசி மழைக்காற்று வேலையைப் பாதியாக்கும்.

காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இப்படி உலோகம் துருப்பிடித்து அரிவதை, அதாவது அரிமானத்தைத்தான் பல பத்தாண்டுகளாக ஆராய்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் கொடுத்ததால் அந்த ஊருக்கு வந்த நிறுவனம். பாலமும் குழாயும் ரயில் பாதையும் துருவால் போகிற நாட்டில், ராக்கெட்டுக்குக் கிடைக்கும் கவனத்தில் ஒரு பங்காவது துருவுக்குக் கிடைக்க வேண்டும் என்பது என் கட்சி.

ஆயுத பூஜையன்று குழலில் ஈரச் சந்தனமும் குங்குமமும் வைத்து, எலுமிச்சம்பழத்தையும் சாய்த்துவைத்து, எடுத்தால் தோஷம் என்று மூன்று நாள் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். கும்பிடுங்கள், நானும் கும்பிடுகிறேன். ஆனால் ஈரமும் எலுமிச்சை அமிலமும் இரும்பை எதுவும் செய்யாமல் விடாது. மறுநாள் காலையில் துடைத்து எண்ணெய் தடவுங்கள்.

கடைசியாக, அந்தத் தோல் உறை. ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம், தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பதனிட்ட அமிலமும் உப்பும் அதில் தங்கியிருக்கும். உங்கள் செம்புள்ளிகள் வந்தது பெரும்பாலும் அங்கிருந்துதான். அடுத்த தேர்தலுக்கு எண்ணெய் தடவிப் பருத்தித் துணியில் சுற்றிக் கொடுங்கள்.