பிளேட் வீட்டுக்கு வந்தது, நம்பர் வரவில்லை

விபத்தில் நொறுங்கிய கார்களைப் போட்டு வைத்திருக்கும் யார்டுக்கு வாரத்தில் இரண்டு மூன்று முறையாவது போவேன். மோட்டார் இன்சூரன்ஸ் கிளெய்ம்களுக்குச் சேதத்தை மதிப்பிடுவதுதான் பதினெட்டு வருடமாக என் வேலை. ஒருநாள் காலையில் போனபோது, முன்பக்கம் மொத்தமாக உள்ளே போயிருந்த ஒரு கார் பக்கத்தில் ஒருவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். கையில் ஸ்குரூ டிரைவர். பின்பக்க நம்பர் பிளேட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். மூன்று திருகுகள் வந்துவிட்டன. நான்காவது துருப்பிடித்து நின்ற இடத்திலேயே சுற்றியது. கைக்குட்டையை மடித்துப் பிடித்து, பிளேட்டை மெல்ல நெம்பி, எப்படியோ எடுத்துவிட்டார். அதில் ஒட்டியிருந்த மண்ணைச் சட்டை நுனியால் துடைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“கார் போனால் போகட்டும் சார். நம்பர் கைக்கு வந்துடுச்சு.”

அவர் பெயரின் முதலெழுத்துகளும் மகள் பிறந்த தேதியும் சேர்ந்த நம்பர். ஆசைப்பட்டு, அலைந்து, பெரிய தொகை கொடுத்து வாங்கியது. கிளெய்ம் பணம் மூன்று வாரத்துக்கு முன்பே அவர் கணக்கில் ஏறிவிட்டது. அதற்காக அவர் கையெழுத்துப் போட்ட காகிதங்களில் காரை அப்படியே ஒப்படைக்கும் காகிதமும் ஒன்று. பதிவேட்டில் அந்த நம்பர் காரோடு ஒட்டியிருந்ததால், கார் கைமாறியபோது அதுவும் சேர்ந்து போய்விட்டது. அவர் கையில் இருந்தது வெறும் தகடு. அதை அவரிடம் சொல்ல எனக்கு ஐந்து நிமிடம் பிடித்தது. அவர் நம்புவதற்கு இன்னும் பத்து நிமிடம்.

ஃபேன்ஸி நம்பர் என்றதுமே ஆட்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். ‘காசு கொழுத்தவன் செய்கிற வேலை’ என்று ஒரு கட்சி, ‘என் காசு, என் ஆசை, உனக்கென்ன’ என்று இன்னொரு கட்சி. நான் இரண்டிலும் இல்லை. ஆசைக்கு வாங்குவதில் ஒரு தப்பும் கிடையாது. ஆனால் கடைசியில் கையில் இருப்பது என்ன என்று தெரியாமலே பலர் வாங்குகிறார்கள். அதனால் வருகிற வம்புதான் என் மேஜைக்கு வருகிறது.

பெரும்பாலான இடங்களில் நம்பர் உங்கள் சொத்தாக ஆவதில்லை. பிரிட்டனை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே 1989-லிருந்து அரசே விருப்ப எண்களை விற்றுவருகிறது. ஏலம், தரகர், கைமாற்று என்று பெரிய சந்தையே இருக்கிறது. அங்கேகூட நீங்கள் வாங்குவது அந்த எண்ணை ஒரு வண்டியில் பயன்படுத்தும் உரிமையை மட்டும்தான். வண்டியில் மாட்டாமல் வைத்திருந்தால் அந்த உரிமை ஒரு சான்றிதழில் இருக்கும். சான்றிதழுக்கு ஆயுள் 10 ஆண்டு. காலாவதியாகும் முன் புதுப்பிக்காவிட்டால் உரிமை போய்விடும். வேறு நாடுகளில் விதி வேறு மாதிரி. சில இடங்களில் நம்பர் ஆளோடு போகும், சில இடங்களில் காரோடு போகும், சில இடங்களில் ஆண்டுதோறும் தனிக் கட்டணம் கட்டினால்தான் தொடரும். விலை என்ன என்று கேட்பதற்கு முன்னால், ‘கார் என் கையை விட்டுப் போனால் இந்த நம்பர் என்ன ஆகும்?’ என்று பதிவு அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு வாங்கியவர்களை என் அனுபவத்தில் விரல் விட்டு எண்ணிவிடலாம்.

கார் கையை விட்டுப் போவது மூன்று வழியில்: விபத்து, விற்பனை, மரணம்.

விபத்தில் சரிசெய்ய முடியாத அளவுக்கு அடிபட்டால் நாங்கள் ‘டோட்டல் லாஸ்’ என்று எழுதுவோம். நிறுவனம் சந்தை மதிப்பைக் கொடுத்துவிட்டு மிச்சமிருக்கும் இரும்பைத் தன் பெயரில் எடுத்துக்கொள்ளும். அங்கிருந்து அது நொறுங்கிய வண்டிகளை வாங்கும் சால்வேஜ் வியாபாரியிடம் போகும், நசுக்கப்படும், பதிவு ரத்தாகும். இந்தச் சங்கிலி ஆரம்பித்த பிறகு நம்பரைப் பிரித்து எடுப்பது குதிரைக் கொம்புதான். ஆகவே டோட்டல் லாஸ் என்ற சொல் காதில் விழுந்த அன்றே, பணத்துக்கு ஒப்புக்கொள்வதற்கு முன்பே, ‘நம்பரை நான் வைத்துக்கொள்கிறேன், உங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்று கடிதம் கொடுங்கள்’ என எழுத்தில் கேட்க வேண்டும். போனில் சொன்னால் போதாது. போனில் பேசிய ஊழியர் அடுத்த வாரம் லீவில் இருப்பார். கடிதம் கையில் வந்ததும் பதிவு அலுவலகத்தில் மாற்றத்துக்கு விண்ணப்பித்துவிட வேண்டும். அதுவரை வண்டியை அகற்றாமல் இருக்கச் சொல்லலாம். முறையாகக் கேட்டவர்களுக்கு நிறுவனங்கள் மறுத்து நான் பார்த்ததில்லை. அந்த நம்பரை வைத்துக்கொண்டு அவர்களுக்கு என்ன லாபம்?

இன்னொன்றும் உண்டு. நம்பருக்கு எவ்வளவு கொடுத்திருந்தாலும் சாதாரண மோட்டார் பாலிசியில் அது கணக்கில் வராது. நான் மதிப்பிடுவது கார் என்ன மாடல், எத்தனை வயது, எவ்வளவு ஓடியிருக்கிறது, எப்படி இருக்கிறது என்பதை மட்டும்தான். “நம்பர் மட்டுமே கார் விலை சார்” என்று ரசீதை நீட்டியவர்கள் உண்டு. அந்த ரசீதை எழுதி வைக்க என் படிவத்தில் கட்டமே இல்லை.

விற்பனையில் நடப்பது இன்னும் சாதாரணமானது. விலை பேசி முடித்து, சாவியைக் கொடுத்து, உரிமை மாற்றத்துக்குக் கையெழுத்தும் போட்ட பிறகு, இரவு படுக்கும்போது நம்பர் ஞாபகம் வரும். வாங்கியவர் நல்லவராக இருந்தால் திருப்பித் தருவார். இல்லாவிட்டால் ஒரு விலை சொல்வார், அதற்கும் சட்டப்படி அவருக்கு இடம் இருக்கலாம். எனவே முதலில் நம்பரைக் கழற்றி, காருக்குச் சாதாரண எண் வாங்கி, அப்புறம்தான் விற்பனைக்கு விளம்பரம். குத்தகைக் காரோ கடனில் இருக்கும் காரோ என்றால் இன்னும் கவனம் தேவை. பதிவேட்டில் உரிமையாளர் பெயர் உங்களுடையதாக இல்லாமல் நிதி நிறுவனத்துடையதாக இருக்கலாம். அந்தக் காரில் உங்கள் நம்பரை ஏற்றினால், இறக்குவதற்கும் அவர்கள் கையெழுத்து வேண்டும். காலம் முடிந்து வண்டியைத் திருப்பும் வாரத்தில் விண்ணப்பித்துப் பயனில்லை.

மரணத்தைப் பற்றி அதிகம் எழுத மனம் வரவில்லை. நம்பர் சான்றிதழ் எந்தக் கோப்பில் இருக்கிறது என்று வீட்டில் ஒருவருக்காவது சொல்லி வையுங்கள். அப்பா ஓட்டிய நம்பரைப் பிள்ளை ஓட்ட ஆசைப்படுவது வீட்டுக்கு வீடு உண்டு. காரை அவசரமாக விற்றுவிட்டுப் பிறகு தேடுகிறார்கள்.

சரி, நல்லதே கிடையாதா என்றால், இருக்கிறது. முதல் லாபம் ஞாபகம். என் கார் நம்பர் சாதாரண நம்பர். பார்க்கிங் இயந்திரத்தில் எண்ணைக் கேட்டால், திரும்ப நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வருகிற ஆள் நான். பின்னால் நிற்கும் வரிசை பல்லைக் கடிக்கும். பெயரே நம்பராக இருப்பவருக்கு இந்த அவஸ்தை கிடையாது. கார் மாற்றினாலும் நம்பர் கூடவே வரும் நாடுகளில் இது ஒரு நிரந்தர முகவரி மாதிரி. கார் திருடுபோனாலும் பார்த்தவர் மறக்கமாட்டார். போலி நம்பர் மாட்டி ஓட்டுகிறவர்கள்கூட, கண்ணில் படாத சாதாரண எண்ணைத்தான் நகல் எடுக்க விரும்புவார்கள் என்பது என் எண்ணம். வயதைக் காட்டும் குறியீடு பதிவெண்ணிலேயே இருக்கிற பிரிட்டன் போன்ற இடங்களில், பழைய காரின் வயதை மறைக்கவும் பலர் வாங்குகிறார்கள். ஆனால் காரை உள்ளதைவிடப் புதிதாகக் காட்டும் எண்ணை மாட்ட அங்கே சட்டம் விடாது. பழையதாகக் காட்டினால் கேள்வி இல்லை.

கொடுக்கிற பணம் நல்ல இடத்துக்குப் போவதும் உண்டு. கலிஃபோர்னியாவில் 1970-லிருந்து இந்தக் கட்டணம் சுற்றுச்சூழல் நிதிக்குப் போகிறது. 2023 ஏப்ரலில் துபாயில் ‘பி 7’ (P 7) என்ற எண் 5.5 கோடி திர்ஹமுக்கு ஏலம் போனது, அந்தப் பணம் அன்னதான இயக்கம் ஒன்றுக்குப் போனது. அதற்கு முன் 2008-ல் அபுதாபியில் ‘1’ என்ற ஒற்றை எண் 5.22 கோடி திர்ஹமுக்குப் போயிருந்தது.

இந்தச் செய்திகளைப் படித்துவிட்டுத்தான் சிலர் முதலீடு என்று இறங்குகிறார்கள். விலை ஏறுவது ஓரெழுத்து, ஓரெண், எல்லோருக்கும் தெரிந்த பெயர் என்று அபூர்வமானவற்றுக்கு. உங்கள் பெயரின் முதலெழுத்தும் திருமண நாளும் சேர்ந்த எண்ணை வாங்க, அதே எழுத்தும் அதே நாளும் உள்ள இன்னொருவர் கிடைக்க வேண்டும். கிடைத்தாலும் தரகருக்கு ஒரு பங்கு, மாற்றக் கட்டணம் ஒரு பங்கு. ஆசைக்கு என்று வாங்கினால் நஷ்டக் கணக்கே கிடையாது, நிம்மதி.

தொல்லைகளில் எனக்கு அதிகம் எரிச்சல் தருவது, எழுத்தை நெருக்கியும் விலக்கியும் பெயர் மாதிரி தெரிய வைப்பது. 5-ஐ ஆங்கில ‘எஸ்’ போல வளைப்பது, 1-க்கும் 3-க்கும் இடையே கருப்புத் தலை உள்ள திருகை வைத்து ஆங்கில ‘பி’ (B) ஆக்குவது என்று பெரிய கலையே நடக்கிறது. நம்பரைப் படிப்பது இப்போது மனிதக் கண் இல்லை, கேமரா. இடைவெளி மாறினால் அது தப்பாகப் படிக்கும், அபராதம் வேறு யாருக்கோ போகும். பிரிட்டனில் இதற்கு 1,000 பவுண்டு வரை அபராதம் உண்டு. நம்பரையே திரும்ப எடுத்துக்கொள்ளவும் முடியும். பணம் கொடுத்து வாங்கியதைத் திருகு வைத்து இழப்பானேன்?

புத்திசாலித்தனமான நம்பரும் ஆபத்துதான். லாஸ் ஏஞ்சலிஸில் 1979-ல் ஒருவர் விருப்ப எண் படிவத்தை நிரப்பும்போது, முதல் இரண்டு விருப்பமும் கிடைக்காவிட்டால் எதுவும் வேண்டாம் என்ற அர்த்தத்தில் மூன்றாவது இடத்தில் ‘நோ பிளேட்’ என்று எழுதினார். அதையே பிளேட்டாக அடித்துக் கொடுத்துவிட்டார்கள். நம்பர் பிளேட் இல்லாமல் நின்ற வண்டிகளுக்கெல்லாம் காவலர்கள் ‘நோ பிளேட்’ என்றுதானே எழுதுவார்கள்? அத்தனை அபராதமும் அவர் வீடு தேடி வந்தது, இரண்டாயிரத்துக்கும் மேல். இது பழைய கதை என்று நினைக்க வேண்டாம். அதே மாநிலத்தில் கணினிப் பாதுகாப்புத் துறையில் இருக்கும் ஒருவர், கணினியில் ‘மதிப்பு ஏதுமில்லை’ என்பதைக் குறிக்கும் ‘நல்’ என்ற ஆங்கிலச் சொல்லை நம்பராக வாங்கினார். கேமராவுக்குத் தப்பலாம் என்ற விளையாட்டுத்தான். நம்பர் பதியப்படாத அபராதச் சீட்டுகள் எல்லாம் அவர் தலையில் விழுந்தன. 2019-ல் ஒரு ஹேக்கர் மாநாட்டில் அவரே இதைச் சொன்னபோது, தொகை 12,000 டாலரைத் தாண்டியிருந்தது.

நம்பர் மாறியதும் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குச் சொல்வதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். பிரீமியம் கூடிவிடும் என்ற பயம். நம்பருக்காகப் பிரீமியம் கூடியதை நான் பார்த்ததில்லை. சொல்லாமல் விட்டால், சாலையில் நிறுத்தும் காவலர் எண்ணைத் தட்டும்போது ‘காப்பீடு இல்லை’ என்று வரும், அதுதான் கஷ்டம். பதிவேட்டில் மாறிய அதே நாளில் பாலிசி, டோல் கணக்கு, பார்க்கிங் செயலி எல்லாவற்றிலும் மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் செயலியில் பழைய நம்பர் கிடந்து, நீங்கள் விற்ற காருக்கு நீங்களே பார்க்கிங் கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

தேதியைப் பற்றி ஒரு வார்த்தை. பிறந்த தேதியை நம்பராக வாங்கிய பலர் அதையே போன் பூட்டுக்கும் வைத்திருக்கிறார்கள். ஒருமுறை ஒருவர் காரின் படங்களைக் காட்ட என் முன்னாலேயே போனைத் திறந்தார். அவர் விரல் போன நான்கு எண்களும் வாசலில் நின்ற காரில் எழுதியிருந்தன.

போன வாரம் ஒரு பழைய வாடிக்கையாளர் போன் செய்தார். பம்பர் கிளெய்ம் பற்றிக் கேட்டுவிட்டு, பேச்சோடு பேச்சாக, “காரை வித்துட்டேன் சார், நாளைக்குக் காலையில் வந்து எடுத்துப்பாங்க” என்றார். அவருடையது தன் கடைப் பெயரில் வாங்கிய நம்பர்.

“கையெழுத்துப் போட்டாச்சா?”

“இல்லை, அதுவும் நாளைக்குத்தான்.”

“அப்ப அவங்களை ஒரு வாரம் கழிச்சு வரச் சொல்லுங்க.”

ஏன் என்று அவர் கேட்டார். யார்டில் ஸ்குரூ டிரைவரோடு உட்கார்ந்திருந்தவர் கதையிலிருந்து ஆரம்பித்தேன்.