ஆர்க்டிக்குக்குப் பெட்டி கட்டுகிறீர்களா? முதலில் ஈரத்தைப் பாருங்கள்

காய்ந்த உடையோடு மைனஸ் 20 டிகிரியில் நிற்பவரைவிட, 2 டிகிரி மழையில் தொப்பலாக நனைந்தவர்தான் சீக்கிரம் வெடவெடக்க ஆரம்பிப்பார். "கோடைதானே, பாதித் துணி போதும்" என்று ஆர்க்டிக்குக்குக் கிளம்புகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

எந்த உடையும் தானாகச் சூடு தருவதில்லை. இழைகளுக்கு நடுவே அசையாமல் நிற்கும் காற்று, உடம்புச் சூட்டை வெளியே விடாமல் பிடித்துவைக்கிறது. அந்த இடத்தில் தண்ணீர் புகுந்தால் கதை முடிந்தது: தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு நன்றாகச் சூட்டைக் கடத்தும். அதனால் எந்த மாதம் போனாலும், ஈரம் எந்தப் பக்கமிருந்து வரும் என்று பார்த்துவிட்டுத்தான் துணியை எடுத்துவைக்க வேண்டும்.

நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளை எடுத்துக்கொள்வோம். மார்ச்சில் பனி மாவு போல உலர்ந்திருக்கும், தட்டினால் உதிர்ந்துவிடும். இப்போது ஈரம் வருவது உள்ளேயிருந்து, அதாவது வியர்வையாக. சும்மா உட்கார்ந்திருக்கும் உடம்பு சுமார் 100 வாட் வெப்பத்தை வெளிவிடும். மேட்டில் ஏறும்போது அது 400 வாட்டையும் தாண்டும். அப்போது வாத்தின் மென்னிறகு நிரப்பிய தடித்த டவுன் ஜாக்கெட் போட்டிருந்தால், வியர்வை ஆவி வெளியே போகிற வழியிலேயே உறைந்து இறகுகளுக்குள் தங்கிவிடும். நாலைந்து நாளில் ஜாக்கெட் கனத்து, உப்பல் குறைந்து, சப்பையாகிவிடும்.

ஆகவே நடக்கும்போது மெரினோ கம்பளி பனியன், மெல்லிய ஃபிளீஸ் (பஞ்சு போன்ற செயற்கை இழைச் சட்டை), காற்றைத் தடுக்கும் மேலுடை, இவ்வளவுதான். கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும். குளிரவில்லை என்றால் ஒரு துணி கூடுதலாகப் போட்டிருக்கிறீர்கள். டவுன் ஜாக்கெட் பையின் உச்சியில் இருக்கட்டும், நின்ற உடனே எல்லாவற்றுக்கும் மேலாக மாட்டிக்கொள்ளலாம். அதற்கு ஏற்றபடி தொளதொள அளவில் வாங்குங்கள். காற்றுத் தடுப்பை அலட்சியம் செய்ய முடியாது: மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்றடித்தால், முகத்துக்கு அது மைனஸ் 20. இரவில் அறைக்குள் போவதற்கு முன்பே, மேலுடையின் உள்பக்கம் படிந்த உறைபனியை உதறிவிட வேண்டும். உள்ளே போனால் உருகி, துணியிலேயே ஊறிவிடும்.

கால் குளிர்கிறது என்று இறுக்கமான பூட்ஸுக்குள் இரண்டாவது சாக்ஸைத் திணித்தால் இன்னும் குளிரும். காற்று நசுங்கும், ரத்த ஓட்டமும் குறையும். பூட்ஸை ஓர் அளவு பெரிதாக எடுங்கள். உள் அட்டையை இரவில் கழற்றி உலர்த்துங்கள். பனி பெரும்பாலான புற ஊதாக் கதிரைத் திருப்பி அனுப்புவதால், பக்கவாட்டையும் மூடும் கறுப்புக் கண்ணாடி கட்டாயம்.

ஜூனில் பனி சேறாகிவிடும், தோல் பூட்ஸ் நாள் முழுக்கக் காயாது. முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ்தான் சரி. ஜூலையில் ஸ்வால்பார்டின் முக்கிய ஊரான லாங்இயர்பியனின் சராசரி வெப்பநிலை 7 டிகிரிக்குப் பக்கம். தூறலும் படகில் தெறிக்கும் கடல்நீரும் சேரும்போது, ஈரம் வெளியேயிருந்து வருகிறது. தையல்கள் ஒட்டி அடைக்கப்பட்ட மழை ஜாக்கெட், மழை பேன்ட் இரண்டும் வேண்டும். நனைந்த டவுன் உதவாது, அதனால் செயற்கை இழை நிரப்பிய ஜாக்கெட் நல்லது. ஜீன்ஸ் வீட்டிலேயே இருக்கட்டும். ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை அங்கே சூரியன் மறையாது, தூங்குவதற்குக் கண்மூடித் துணி தேவைப்படும். பின்லாந்து, ஸ்வீடன், நார்வே நாடுகளின் வடகோடியான லாப்லாந்துக்குப் போனால் கொசுவலைத் தொப்பியும் வேண்டும்.

செப்டம்பர்தான் ஆகக் கடினம். பகலில் நனைந்த ஜிப்பும் ஷூ லேஸும் இரவில் உறைந்து இறுகும். கோடைக்கான மழை உடை, நான்கு விரல்களும் ஒரே உறையில் போகும் குளிர்கால மிட்டன் கையுறை, தலைவிளக்கு மூன்றையும் சுமக்க வேண்டியிருக்கும்.

கேமராவுக்கும் ஈரம்தான் எதிரி. 20 டிகிரி அறையில் ஒரு கன மீட்டர் காற்று 17 கிராம் நீராவியைத் தாங்கும், மைனஸ் 20-இல் சுமார் 1 கிராம்தான். அறைக்குள் கொண்டுவந்த குளிர்ந்த கேமராவின் மேல் அந்த நீராவி துளித்துளியாகப் படியும். வெளியே இருக்கும்போதே ஜிப் பையில் போட்டு மூடி, உள்ளே வந்து இரண்டு மணி நேரம் கழித்துத் திறங்கள். பேட்டரியை மட்டும் முன்பே கழற்றிச் சட்டையின் உள்பையில் வைத்துவிடலாம். அதுவும் சூடேறிய பிறகே சார்ஜ் ஏற வேண்டும். உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் லித்தியம் உலோகமாக உள்ளே படிந்து, பேட்டரியின் கொள்ளளவு நிரந்தரமாகக் குறைந்துவிடும்.