கிராண்ட் ஐல் மண்ணுக்குள்ள இருக்கற தண்ணி

கடல் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்துதானே இருக்கு, அப்புறம் எப்படி ஒரு ஊர்ல மட்டும் கடல்மட்டம் மூணு மடங்கு வேகமா ஏறும்னு ஒருத்தர் கேட்டிருந்தார். அவர் சொன்ன ஊர் அமெரிக்காவுல லூசியானா மாநிலத்துல இருக்கற கிராண்ட் ஐல். செயற்கைக்கோள் காட்டற உலக சராசரி வருஷத்துக்கு மூணு, மூணரை மில்லிமீட்டர், ஆனா அங்க 1947-ல இருந்து ஓடற அலைமானி (கடல்மட்டத்தை அளக்கற கருவி) கிட்டத்தட்ட 9 மி.மீ. காட்டுது. பனி உருகறது, சூட்டுல தண்ணி விரியறது எல்லாம் ஸ்கூல்லயே படிச்சிருப்பீங்க, அதை விட்டுடறேன். மீதி கணக்கு தரையில இருக்கு. அலைமானி தரையிலதான நிக்குது, தரை இறங்கினாலும் அதுக்கு கடல் ஏறின மாதிரிதான் தெரியும்.

மிசிசிப்பி ஆறு பல ஆயிரம் வருஷமா கொண்டாந்து கொட்டின வண்டல்தான் அந்தக் கடற்கரையே. புதுசா படிஞ்ச களிமண்ணுல பாதிக்கு மேல தண்ணிதான். துகள் ஒவ்வொண்ணும் தட்டையா, சீட்டுக்கட்டுல வீடு கட்டின மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்சு நிக்கும், நடுவுல பூரா தண்ணி. அது மேல அடுத்த வெள்ளத்து வண்டல் வந்து உக்காந்தா அந்த பாரத்தை முதல்ல யாரு தாங்கறா தெரியுமா, மண் இல்ல, தண்ணி! தண்ணியை அமுக்க முடியாது, வெளிய போக வழியும் ரொம்பப் பொடிசு, அதனால பிரஷர் ஏறி நிக்குது, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா கசிய கசிய பாரம் துகள்களுக்கு கை மாறுது, சீட்டு வீடு சரியுது. பனீருக்குத் திரிச்ச பாலை துணியில முடிஞ்சு மேல அம்மிக்குழவியை வச்சா சொட்டு சொட்டா வடிஞ்சு தட்டையாகுமே, அதேதான். மண்ணோட குணத்தை ஆராய்ஞ்ச பொறியாளர் கார்ல் டெர்சாகி 1925-லயே இதை கணக்கா எழுதிட்டார். அடுக்கு ரெண்டு மடங்கு தடிமன்னா வடிய நாலு மடங்கு நேரம் ஆகும், ஏன்னா வெளியேற வேண்டிய தண்ணி ரெண்டு மடங்கு, அது போற வேகம் பாதி. பத்து மடங்கு தடிமன்னா நூறு மடங்கு நேரம். எப்பவோ படிஞ்ச சேறு இன்னிக்கும் வடிஞ்சிட்டிருக்கறது இதனாலதான். மக்கின செடிகொடி அடுக்குங்க இன்னும் மோசம், பஞ்சு மாதிரி அமுங்கிடும்.

முன்னாடி தரை இறங்க இறங்க ஆறே புது வண்டல் போட்டு நிரப்பிட்டிருந்துச்சு. 1927 வெள்ளத்துக்கு அப்புறம் ரெண்டு பக்கமும் கரையை உசத்திக் கட்டினாங்க, வண்டல் நேரா ஆழ்கடலுக்குப் போயிடுச்சு. 1932-ல இருந்து 2016-க்குள்ள லூசியானா இழந்த கடலோர நிலம் சுமார் 4,800 சதுர கி.மீ., அதுல எண்ணெய்க்காக வெட்டின கால்வாய்களுக்கும் பங்கு உண்டு. கரையில வாசல் வச்சு வண்டலை திரும்ப சதுப்புக்குள்ள விடற மிட்-பராடேரியா திட்டத்தை 2023-ல ஆரம்பிச்சு 2025-ல கைவிட்டுட்டாங்க. செலவும் ஏறிடுச்சு, சிப்பி, இறால் எடுக்கறவங்க பிழைப்பு போயிடும்னு எதிர்த்தாங்க, அவங்க பயம் நியாயமானது. ஆனா அவங்களுக்கு நல்ல நஷ்டஈடு குடுத்தாவது தொடர்ந்திருக்கணும்னு நான் உறுதியா நினைக்கறேன், வேற எந்த வழியிலயும் அந்த அளவு மண்ணு தானா வந்து சேராது.

இன்னொண்ணு. அங்க அலைமானிகளோட உயரத்தை ஒப்பிட்டுப் பாக்கற அளவுக்குறிகளை, அதாவது நீளமான கம்பிகளை, சராசரியா 20 மீட்டருக்கு மேல ஆழத்துல ஊன்றியிருக்காங்க. அமுங்கறது பாதிக்கு மேல நடக்கறதோ மேல் 5 மீட்டர்ல. அந்தக் கம்பியைச் சுத்தி மேல் மண்ணு இறங்கும், கம்பி அதோட இறங்காது, தன் அடிக்குக் கீழ இருக்கற மண்ணு இறங்கினா மட்டும்தான் இறங்கும். அதனால சதுப்புல நிக்கற ஒருத்தர் கால்கிட்ட கடல் ஏறற வேகம் அலைமானி சொல்றதை விட அதிகம்.