பெயிண்டைத் தேய்த்தால் கீறல் எங்கே போகிறது?

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "என் கறுப்பு காரின் பானட்டில் வெயில் பட்டால் வட்ட வட்டமாகக் கீறல் தெரிகிறது. மெஷின் பாலிஷ் போட்டால் போய்விடும் என்கிறார்கள். பெயிண்ட் தேய்ந்துவிடாதா? எந்த காம்பவுண்ட் வாங்கலாம்?"

தேயும். எவ்வளவு தேய்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

காரின் பானட்டைக் கீழிருந்து மேலாகப் பார்த்தால் தகடு, துருத்தடுப்புப் பூச்சு, பிரைமர், நிறம், அதற்கு மேல் நிறமே இல்லாத கிளியர் கோட். தகட்டை விட்டுவிட்டால் மற்றதெல்லாம் சேர்ந்து பெரும்பாலான கார்களில் 100 முதல் 150 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்). அதில் கிளியர் கோட் சுமார் 35 முதல் 50 மைக்ரான்தான். தலைமுடியின் தடிமன்கூட இல்லை. நம் கடற்கரைக் காற்றில் வரும் மணலில் குவார்ட்ஸ் இருக்கிறது. மணவாளக்குறிச்சிப் பக்கம் என்றால் கார்னெட், சிர்க்கான் போன்ற கடினமான தாதுக்களும் உண்டு. இவை கிளியர் கோட்டைவிடப் பல மடங்கு கடினமானவை. காலையில் காய்ந்த துணியால் ஒரு துடைப்பு துடைத்தாலே போதும், கீறல் விழுந்துவிடும். கீறல்கள் எல்லாத் திசையிலும்தான் கிடக்கின்றன. ஆனால் சூரியனின் பிம்பத்தைச் சுற்றிக் குறுக்காகக் கிடப்பவை மட்டுமே ஒளியை நம் கண்ணுக்குத் திருப்புவதால் வட்டமாகத் தெரிகிறது. நீங்கள் நகர்ந்தால் வட்டமும் கூடவே நகரும், பாருங்கள்.

பாலிஷ் போடும்போது கீறலின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள கிளியர் கோட்டை இறக்குகிறோம். மேடு போனால் பள்ளமும் இல்லை. நகம் வைத்து இழுத்தால் தட்டுப்படும் கீறலை முழுசாக எடுக்கப் பார்க்காதீர்கள். அந்த ஆழத்துக்கு இறக்க கிளியர் கோட் இருக்காது.

சரி, பெயிண்டைத் தேய்க்கும் குழம்பான காம்பவுண்டுக்கு வருவோம். அதில் வேலை செய்வது பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடு துகள். கடினத்தை ஒப்பிடும் மோ அளவுகோலில் அதன் கடினம் 9, வைரத்துக்கு 10. ஒரு வகைக் காம்பவுண்டில் மிக நுண்ணிய துகள்கள் கொத்துக் கொத்தாக, பொரிவிளங்காய் உருண்டை போல ஒட்டியிருக்கும். மெஷினில் மாட்டிய பேட் சுழலத் தொடங்கும்போது கொத்து முழுசாக இருப்பதால் ஆழமாக வெட்டும். பானட்டில் வெள்ளைக் குழம்பு பரவிக் கிடக்கும். குறுக்கும் நெடுக்குமாக நாலைந்து முறை ஓட்டுவதற்குள் கொத்துகள் நெரிந்து உடைகின்றன. உடைய உடைய, அவை போடும் கோடும் மெலிந்துகொண்டே வருகிறது. வெள்ளைக் குழம்பு மெல்ல ஒளி ஊடுருவும் படலமாக மாறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஒளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரான். மிஞ்சும் கோடுகள் அதைவிட நன்றாகச் சிறுத்துவிட்டால் ஒளி சிதறாமல் திரும்பும். பளபளப்பு என்று நாம் சொல்வது அதைத்தான். முதல் நிமிடம் தான் போட்ட கோட்டைக் கடைசி நிமிடம் தானே அழிக்கிற ஒரு பொருளை யோசித்துச் செய்தவர்களை எத்தனை பாராட்டினாலும் தகும்!

அதனால்தான் இந்த வகையைப் பாதியில் நிறுத்தக் கூடாது. உடையாத கொத்து போட்ட கோடுகள் புகைமூட்டமாக நின்றுவிடும். இன்னொரு வகையில், மெகுயார்ஸ் எம்105 போன்றவற்றில், துகள்கள் முதலிலிருந்தே ஒரே அளவில் நுண்ணியவை. அவை உடையும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. முதலில் அழுத்தியும் கடைசியில் அழுத்தாமலும் ஓட்ட வேண்டும். எந்த வகை என்று தெரியாமல் ஒரே மாதிரி ஓட்டுவதால்தான் பல இடங்களில் வேலை கெடுகிறது.

காம்பவுண்டைத் தனியாகத் தேர்ந்தெடுக்கவும் முடியாது. அதே காம்பவுண்ட் கம்பளி பேடில் கடுமையாக வெட்டும், மென்மையான ஸ்பாஞ்ச் பேடில் தடவிக் கொடுக்கும். நிழலில், ஆறிய பானட்டில், இரண்டடிக்கு இரண்டடி இடத்தில் முதலில் ஃபினிஷிங் பாலிஷை மென்மையான பேடில் போட்டுப் பாருங்கள். கீறல் போகாவிட்டால் மட்டும் ஒரு படி கடுமையாக்கலாம். பட்டாணி அளவில் நாலு சொட்டு போதும். கை மெதுவாக நகரட்டும். புதிதாகச் செய்பவருக்கு, பேட் சுழன்றுகொண்டே ஆடவும் செய்யும் டூயல் ஆக்‌ஷன் மெஷின்தான் நல்லது. வெறுமனே சுழல மட்டும் செய்யும் ரோட்டரி ஒரே இடத்தில் நின்றால் சூடேறி பெயிண்டைக் கருக்கிவிடும். விளிம்புகளில் பூச்சு மெல்லியது, டேப் ஒட்டி மறைத்துவிடுங்கள். அப்புறம், பற்பசை வேண்டாம். அதிலும் தேய்க்கும் துகள் உண்டு, ஆனால் அது பல்லுக்காக அளந்தது.

எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. தேய்ப்புப் பொருளாக உலகம் பயன்படுத்தும் கார்னெட்டை மணவாளக்குறிச்சி மணல் ஆலையில் பிரித்தெடுக்கிறார்கள். குமரி மாவட்டத்தில் பொறியியல் கல்லூரிகளுக்கும் குறைவில்லை. இந்த மணலை நுண்துகளாக்கி என்னென்ன செய்யலாம் என்று மாணவர்கள் ஆராய அரசு பணம் ஒதுக்க வேண்டும்.

வாசகருக்கு இன்னொன்று. சில பாலிஷ்களில் எண்ணெயும் மெழுகும் கீறலுக்குள் புகுந்து அதை மறைத்துவிடும். நாலு மழை பெய்தால் கீறல் திரும்ப எட்டிப் பார்க்கும். நம் ஊரில் மழைக்கு என்ன குறை, ஆனியிலும் பெய்யும், ஐப்பசியிலும் பெய்யும். வேலை முடிந்ததும் அந்த எண்ணெய் போக, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் தண்ணீர் கலந்து பானட்டைத் துடைக்கச் சொல்லுங்கள். வெயிலில் நிறுத்தி ஒரு சுற்று பார்த்துவிட்டு, அப்புறம் பணத்தைக் கொடுங்கள்.